நேட்டிவ் பிளேஸில் கிடக்கும் பார்சல்

1

போன செவ்வாய்க்கிழமை மெஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டு எங்களை மேல்மாடிக்கு வரச் சொன்னார்கள். இங்கிலாந்தின் நடுவாக்கில் ஒரு சின்ன ஊரில், லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஜாம் பாட்டில், பிஸ்கட் பொட்டலம், நாய்த்தீனி டப்பா எல்லாவற்றுக்கும் சட்டை போட்டு அனுப்புகிறவர்கள் நாங்கள். மெஷினை நிறுத்தச் சொன்னால் ஒன்று தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆளைக் குறைக்கப் போகிறார்கள். சிவகாசிப் பக்கத்து ஆளுக்கு எது முதலில் தோன்றும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் வாசலை ஒட்டியே நின்றுகொண்டேன்.

கடைசியில் பார்த்தால் வகுப்பு. போலி மின்னஞ்சல்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு சின்ன வயசுப் பெண் திரையில் படம் காட்டிக் கேள்வி கேட்டாள். கடையின் பெயரில் ஒரு கடிதம் வருகிறது, முதலில் எதைப் பார்ப்பீர்கள்? நான் கையைத் தூக்கினேன். அனுப்பியவரின் முகவரியில் கடையின் பெயர் எழுத்துக்கு எழுத்து சரியாக இருக்கிறதா என்று. அடுத்து? நம்மைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறதா, இல்லை பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் காரியத்துக்கு வருகிறதா என்று. அடுத்து? இன்றைக்கே, இப்பவே என்று விரட்டுகிறதா என்று. அடுத்து என்று அவள் கேட்பதற்குள் நான் மறுபடி கையைத் தூக்க, "வேறு யாராவது?" என்று கேட்டுவிட்டாள்.

பக்கத்தில் இருந்த டேவ் என் காதருகே வந்தான். என்னோடு எட்டு வருஷமாக ஒரே மெஷினில் நிற்கிறவன். "இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"பேப்பரில் படித்தேன்" என்றேன்.

பொய்தான். போன வருஷம் ஒரு சனிக்கிழமை, இரண்டாயிரத்து எட்டு ஆவணி மாசம், என் சொந்தக் கையால் படித்த பாடம் அது. டேவிடம் சொல்லக் கூச்சம். உங்களிடம் சொல்கிறேன். அங்கே ஊரிலும் இப்போது தெருமுனைக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருப்பதாகக் கேள்வி. இன்றைக்கு எனக்கு வந்தது நாளைக்கு உங்களுக்கும் வரும்.

அந்தப் பெண் சொன்ன எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். ஒன்றைத் தவிர. "எழுத்துப்பிழை நிறைய இருந்தால் அது திருடன் எழுதியது" என்றாள். அங்கேதான் மனசு கேட்கவில்லை. எழுத்துப்பிழை நிறைய இருந்தால் எனக்கு அது எங்கள் ஊர்.

2

சிவகாசிக்குப் பக்கம் நாரணாபுரத்தில் என் அக்கா இருக்கிறாள். பாக்கியத்தாய் என்று பெயர். தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டிய கை. மச்சான் பக்கத்திலேயே ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். போன வருஷம் மச்சானுக்கு அறுபது முடிந்தது. அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு புதன்கிழமை நாள் குறித்தார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு அக்கா மணையில் உட்காரும்போது பிறந்த வீட்டுச் சீலையைத்தான் கட்டியிருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பிறந்த வீடு என்றால் அவளுக்கு நான் ஒருத்தன்தான். மச்சானுடைய தங்கச்சிமார் மூன்று பேர். மூன்று பேரும் சீலையைப் பார்த்தால் மடிப்பைப் பிரிக்காமலே எடையைச் சொல்வார்கள். அன்றைக்கு என் சீலை வரவில்லை என்றால் யாரும் சண்டை போட மாட்டார்கள். "பாவம், அவனுக்கு அங்கன என்ன சோலியோ" என்று சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டு அக்கா மணையில் உட்கார்ந்திருக்க வேண்டும். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

நேரில் போக வழியில்லை. நான், மனைவி, மகள் மூன்று பேர் பாஸ்போர்ட்டும் புதுப்பிக்கப் போயிருந்தன. முதல் தடவை என்னுடைய போட்டோவில் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை இரண்டு காதும் நன்றாகத் தெரிய எடுத்து அனுப்பினேன். காதுகள் போய்ச் சேர்ந்தன, பாஸ்போர்ட் திரும்பி வரவில்லை. போன் போட்டால், "உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது" என்று ஒரு மெஷின் சொல்லும். நானும் மெஷினோடு பழகியவன்தான். எந்த மெஷினையும் இவ்வளவு நம்பிக்கையில்லாமல் பார்த்ததில்லை.

ஆகவே இணையக் கடை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பணம் கட்டினால் ஊரில் கொண்டுபோய்க் கொடுக்கும் கடை ஒன்று உண்டு. பேரைச் சொல்ல மாட்டேன், இந்தக் கதையில் அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. அங்கே ஒரு பட்டுச் சீலைக்கு ஆர்டர் போட்டேன். திங்கட்கிழமை மதுரையிலிருந்து சரக்கு கிளம்பும், அப்போதுதான் கார்டிலிருந்து பணம் எடுப்பார்கள், செவ்வாய்க்கிழமை நாரணாபுரம் வந்துவிடும் என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்தச் சனிக்கிழமை காலையில் நான் கம்ப்யூட்டரைத் திறக்கிற வரைக்கும்.

3

கடிதம் கடையின் பெயரில் வந்திருந்தது. கடையின் படம், கடையின் நிறம் எல்லாம் அச்சு அசல். விஷயம் இதுதான்: உங்கள் பார்சல் உங்கள் நேட்டிவ் பிளேஸில் கிடக்கிறது. அட்ரஸ் குழப்பம். இன்று மாலைக்குள் கீழே உள்ள இடத்தை அமுக்கி விவரங்களை உறுதிசெய்யாவிட்டால் திருப்பி அனுப்பப்படும். கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.

நேட்டிவ் பிளேஸ்!

இந்த ஊரில் அந்த வார்த்தையை ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். 'எங்கிருந்து வருகிறாய்' என்பார்கள். நான் லேபிள் கம்பெனி பேரைச் சொல்வேன். 'அதில்லை, உண்மையில் எங்கிருந்து' என்பார்கள். அந்த 'உண்மையில்' என்ற சொல்லில் ஒரு சின்ன முள் இருக்கும். நேட்டிவ் பிளேஸ் என்று கேட்பவன் அப்படி இல்லை. அவன் கேட்டுவிட்டு, தன்னுடைய நேட்டிவ் பிளேஸையும் சொல்லி, அங்கிருந்து எங்கள் ஊருக்கு எந்த பஸ் என்பதையும் சொல்வான்.

கடிதத்தில் பார்சலுக்கு இரண்டு 'எல்' போட்டிருந்தது. அட்ரஸில் ஒரு 'டி' காணாமல் போயிருந்தது. ரிசீவ்டு என்பதில் 'ஐ'யும் 'ஈ'யும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. படிக்கப் படிக்க எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

இங்கே வருவதற்கு முன்னால் சிவகாசியில் ஓர் ஆப்செட் பிரஸ்ஸில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டாசுப் பெட்டி லேபிள்தான் எங்கள் சோறு. மத்தாப்புக்கு உண்டான ஆங்கில வார்த்தையை ஆறு விதமாக எழுதிக் கொண்டுவருவார்கள், ஆறும் தப்பாக இருக்கும். நான் சிவப்புப் பேனாவோடு போய் நிற்பேன். முதலாளி அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்ப்பார்.

"என்னலே, மறுபடியும் பிழையா?"

"ஒரு எழுத்துதான் அண்ணாச்சி. பிளேட்டை மாத்திட்டா சரியாயிரும்."

"சீசன் நேரத்துல பிளேட்டை மாத்துனா லோடு எப்பலே ஏத்துறது? வெடிக்கிறதுக்கு எதுக்குலே ஸ்பெல்லிங்கு?"

நான் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொள்வேன். வடக்கே கடைக்காரர்களுக்கு அண்ணாச்சி சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் போட்டதும் நான்தான். 'உங்கள் லோடு லாரி ஆபீசில் கிடக்கிறது, கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.' எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன்! ஒன்பது வருஷம் கழித்து அதே வரி, அதே மரியாதை, அதே பிழை, என்னைத் தேடிக் கடல் தாண்டி வந்திருக்கிறது. ஒரு பிழையும் இல்லாத ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். இது நம்ம ஆள் எழுதியது. சீசன் அவசரத்தில், டீ ஆறிக்கொண்டிருக்க, ஏதோ ஒரு தம்பி தட்டிவிட்டது.

4

கடிதத்தில் எந்த ஊர் என்று போடவில்லை. இதை நன்றாகக் கவனியுங்கள். நேட்டிவ் பிளேஸ் என்று மட்டும்தான் இருந்தது. எங்கள் பக்கத்துச் சரக்கெல்லாம் வந்து இறங்கும் விருதுநகர் என்று சேர்த்துக்கொண்டது நான்.

சேர்த்ததோடு விட்டேனா? விருதுநகர் ஸ்டேஷன் பார்சல் ஆபீஸைக் கண்ணுக்கு முன்னால் கொண்டுவந்தேன். மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கிக் கிடக்கின்றன. உள்ளே போகிறவன் எல்லாம் தும்முகிறான். மூட்டைகளுக்கு நடுவே, துணிப்பையில் தைத்து, அரக்கு முத்திரை வைத்து, என் அக்காவின் சீலை. அதன்மேல் ஒருவன் டீ கிளாஸை வைத்திருக்கிறான். 'எடுலே அதை' என்று நான் இங்கே சமையலறை மேசையில் உட்கார்ந்துகொண்டு வாய்விட்டே சொன்னேன். என் மனைவி செல்வி அடுப்படியிலிருந்து, "யாரை எடுக்கச் சொல்றீக?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சீலை விருதுநகர் வரைக்கும் வந்துருச்சு. அட்ரஸ்ல ஏதோ குழப்பமாம்."

"திங்கக்கெழமைதான கெளம்பும்னீக?"

நிதானமான மனுஷன் அந்த இடத்தில் நின்றிருப்பான். திங்கட்கிழமை கிளம்ப வேண்டிய சீலை சனிக்கிழமை எப்படி வந்து கிடக்கும்? நான் நிற்கவில்லை. "நம்ம ஆளுக வேகமா அனுப்பியிருப்பாக" என்றேன். நம்ம ஆளுக எந்தக் காலத்தில் எதை முன்கூட்டி அனுப்பியிருக்கிறார்கள்!

அமுக்கினேன். ஒரு படிவம் விரிந்தது. பெயர் கேட்டது, கொடுத்தேன். கார்டு எண், அதன் முதுகில் இருக்கும் மூன்று எண், மின்னஞ்சலின் கடவுச்சொல், எல்லாம் கேட்டது, எல்லாம் கொடுத்தேன். பார்சல் பிடிக்க எதற்கடா கடவுச்சொல் என்று தோன்றவே இல்லை. ஏனென்றால் அடுத்த கட்டத்தைப் பார்த்துவிட்டேன். நேட்டிவ் பிளேஸின் முழு அட்ரஸ், அடையாளத்தோடு.

ஒன்பது வருஷமாக இந்த நாட்டில் என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. எழுத ஆரம்பித்தேன். சிவகாசியிலிருந்து வந்தால் நாரணாபுரத்தில் இறங்கவும். வெள்ளிக்கிழமை என்றால் கோயில் வாசலில் கூட்டம் இருக்கும், சுற்றிக்கொண்டு வரவும். தீப்பெட்டி ஆபீசுக்கு எதிர்ச் சந்து. காலையில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போகும் வேன் அங்கேதான் நிற்கும், வேன்காரரிடம் கேட்டாலும் சொல்வார். மூன்றாவது வீடு, நீலக் கதவு. நாய் உண்டு, குரைக்கும், கடிக்காது. அக்கா இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் கொடுக்கவும், அவர்கள் காப்பி கொடுப்பார்கள், வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள்.

பாதியில் கட்டம் நிரம்பிவிட்டது. எழுத்துகளைச் சுருக்கிச் சுருக்கி உள்ளே திணித்தேன். நாயைப் பற்றிய வரியை எடுக்க மனசில்லை. எதிர்ச் சந்து என்பதைத்தான் எடுத்தேன்.

கடைசியில் 'கருத்துகள்' என்று ஒரு கட்டம். அதில் கடிதத்திலிருந்த பிழைகளைத் திருத்தி வரிசையாக எழுதினேன். தம்பி, பார்சலுக்கு ஒரு 'எல்' போதும். திருடனுக்குக் கார்டைக் கொடுத்து, புரூஃபும் பார்த்துக் கொடுத்த ஆள் உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

5

காவ்யா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். எங்கள் மகள், பதினைந்து வயது. ஆறு வயதில் இங்கே வந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். நான் கொஞ்சம் அசந்து போயிருக்கும் நாளில் மட்டும் தமிழில் பேசுவாள், நோயாளியிடம் பேசுவதுபோல. பெருமையாக அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

படித்தாள். முகம் மாறியது. தமிழில் ஆரம்பித்தாள்.

"அப்பா, இதுல உங்க பேரே இல்ல. மதிப்புள்ள கஸ்டமர்னு இருக்கு."

"மரியாதையாப் போட்டிருக்கான்."

"இங்க பாருங்க." அமுக்கும் இடத்தின்மேல் அமுக்காமல் சுட்டியைக் கொண்டுபோய் வைத்தாள். திரையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு முகவரி வந்தது. "கடை பேர்ல 'எல்' வரணும். இது 'எல்' இல்ல, ஒண்ணு. நம்பர் ஒண்ணு."

நான் நம்பவில்லை. என் கண்ணுக்குத் தப்பிய எழுத்தா? பையிலிருந்து லென்ஸை எடுத்தேன். அச்சில் புள்ளி பார்ப்பதற்கு நாங்கள் வைத்திருப்பது. திரையில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. எழுத்து தெரியவில்லை.

"அப்பா, பக்கத்துல போனா தெரியாது. தள்ளி வந்து பாருங்க."

தள்ளி வந்து பார்த்தேன். ஒண்ணுதான்.

"குடுத்துட்டீகளா?" என்றாள் செல்வி, கையில் கரண்டியோடு. "எல்லாத்தையுமா? கேட்டதுக்கு மேலயும் குடுத்துருப்பீகளே!"

"நாய் கடிக்காதுன்னும் சொல்லிட்டேன்" என்றேன். சிரிப்பு வரட்டும் என்றுதான் சொன்னேன். செல்வி கரண்டியை மேசையில் வைத்தாள்.

கடிதத்திலேயே 'உதவிக்கு' என்று ஒரு போன் நம்பர் இருந்தது. நான் அதைத்தான் சுற்றப் போனேன். காவ்யா கையைப் பிடித்துத் தடுத்து, கார்டின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். பாங்கியின் நம்பர் அங்கே இருந்தது. பாட்டுப் போட்டார்கள், கேட்டோம். பிறகு ஒரு அம்மாள் வந்தார். நான்தான் நான் என்று நிரூபிக்க, என் தாயாரின் கல்யாணத்துக்கு முந்தைய பெயரைக் கேட்டார்.

இந்தக் கேள்வியை இந்த நாட்டில் யார் கண்டுபிடித்தார்களோ! எங்கள் அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் மாரியம்மாள்தான். கணக்குத் தொடங்கிய அன்றைக்கு அதைத்தான் எழுதிக்கொடுத்தேன். இப்போது எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். தப்பு என்றார். ஓர் 'ஏ' கூட்டிச் சொன்னேன். தப்பு. சிவகாசியிலேயே பேர்போன புரூஃப் ரீடர், பெத்த தாயின் பேரில் ஸ்பெல்லிங் பிழை. மூன்றாவதாக ஓர் 'எல்'லைக் குறைத்தேன். சரி என்றார்.

உடனே அடுத்த செய்தி. இருபது நிமிஷத்துக்கு முன்னால் யாரோ என் கார்டில் ஓடுவதற்கான பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கியிருக்கிறான். எனக்கு ஒரு பக்கம் வியப்பு. தொழிலுக்குத் தேவையானதைத்தான் வாங்கியிருக்கிறான்.

"கார்டை நிறுத்திவிடவா?" என்றார் அம்மாள். "நிறுத்தினால் இனிக் கட்டவேண்டிய எந்தத் தொகையும் இதிலிருந்து போகாது. புதுக் கார்டு வரப் பத்து நாள் ஆகும். ஏதாவது நிலுவையில் இருக்கிறதா?"

நிலுவையில் ஒன்றுதான் இருந்தது. திங்கட்கிழமை கிளம்ப வேண்டிய சீலை.

ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு போனின் வாயைப் பொத்தினேன். செல்வியிடம் கார்டு இல்லை. கடையில் புதிதாக ஆர்டர் போட்டாலும் புதன்கிழமைக்குள் போய்ச் சேராது, அதற்கான கெடு வெள்ளிக்கிழமையோடு முடிந்துவிட்டது.

"எங்க அண்ணன்கிட்டச் சொல்லி ஒண்ணு எடுத்துக் குடுக்கச் சொல்லவா?" என்றாள் செல்வி.

"பொறந்த வீட்டுச் சீலைய உங்க அண்ணன் கொண்டுபோய்க் குடுத்தா அந்த மூணு பேரும் சும்மா இருப்பாகளா? திங்கக்கெழமை வரைக்கும் கார்டை விட்டா என்ன? சனி, ஞாயிறு அவனுக்கும் லீவா இருக்கும்ல?"

"யாருக்கு?"

"திருடனுக்கு."

தாயும் மகளும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. காவ்யா மெதுவாக, "அப்பா, அந்த அக்கௌன்ட்லதான் உங்க சம்பளம் வருது" என்றாள்.

பொத்திய கையை எடுத்தேன். நிறுத்திவிடுங்கள் என்றேன். ஒரு சொடக்குச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நாரணாபுரத்து நீலக் கதவு மட்டும் சாத்திக்கொண்டதுபோல் இருந்தது.

பிறகு கடவுச்சொல்லை மாற்ற உட்கார்ந்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்தான் வைத்திருந்தேன், ஊர்ப் பேர். அப்படி வைக்காதீர்கள். ஒரு பூட்டு போனால் எல்லாப் பூட்டும் போச்சு. புதிதாக ஏழாயிரம்பண்ணை என்று அடித்தேன். எண் சேர்க்க வேண்டும் என்றது. பேரிலேயே ஏழாயிரம் இருக்கு, இன்னும் எம்புட்டுதான் வேணும் உனக்கு என்று அதோடு சண்டை போட்டேன். (முயற்சி செய்து பார்க்க வேண்டாம். அதையும் மாற்றியாயிற்று.) போலிக் கடிதத்தை அழிக்காமல் உண்மையான கடைக்கே அனுப்பிவைத்தாள் காவ்யா. நான் செய்த ஒரே உருப்படியான காரியம், நடுவில் வாயைத் திறக்காமல் இருந்தது.

6

அங்கே சாயங்காலம் நாலரை மணி. போன் கார்டைச் சுரண்டி, எண்களை அடித்து, பன்னிரண்டு நிமிஷம் பாக்கி என்று ஒரு குரல் சொன்னதைக் கேட்டேன். மணி அடிக்க ஆரம்பித்ததும் எனக்குத் தைரியம் போய்விட்டது. போனைக் காவ்யாவிடம் கொடுத்தேன்.

"நீ முதல்ல சொல்லு தாயி. அப்புறம் நான் பேசுறேன்."

"என்ன சொல்றது?"

"வருத்தம்னு சொல்லு."

அவளுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. "அத்தை, காவ்யா பேசறேன். வெரி சாரி, அத்தை" என்றாள். எதிர்முனையில் அக்காவின் குரல் எனக்கே கேட்டது. அவளுக்குப் போனில் மெதுவாகப் பேச வராது.

"சாரி வந்துருச்சுத்தா! நல்லா இருக்கு. உங்கப்பன் எங்க?"

காவ்யா போனை மார்போடு அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, சாரி வந்துருச்சாம்."

பிடுங்கினேன். "அக்கா, யாரு கொண்டாந்தா? கையெழுத்து வாங்குனாகளா? எதையும் தொடாத. யாரு என்ன கேட்டாலும் சொல்லிராத. அது களவாணிப் பயலுக வேலை."

"கூறுகெட்ட பயலே, கத்தாத. நாயித்துக்கெழமைதான பேசுவ, இன்னைக்கு என்ன? பிள்ளைக்கு ஒண்ணுமில்லையே?"

"அவ நல்லாருக்கா. சீலை எப்படி வந்துச்சு? நான் அனுப்புனது வராது அக்கா. ஒருத்தன் ஏமாத்திட்டான், கார்டை நிறுத்திட்டேன். அதைச் சொல்லத்தான் பேசுறேன்."

பின்னால் யாரோ பாத்திரம் நகர்த்தும் சத்தம். அக்கா அங்கிருந்து எழுந்து வெளியே போகிறாள் என்று தெரிந்தது. திரும்ப வந்தபோது குரலைத் தணித்திருந்தாள். நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் குரலைத் தணித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நாந்தாம்லே கொண்டாந்தேன். நாலு நாளைக்கு முந்தி விருதுநகர் போய் எடுத்துட்டு வந்தேன். நீ அனுப்பிச்சதா எல்லாத்துகிட்டயும் சொல்லியாச்சு. அவர் தங்கச்சிக மூணு பேரும் பாத்தாச்சு."

"நான் ஆர்டர் போட்டிருக்கேன்னு சொன்னேன்ல?"

"நீ சொல்லுவ. போன தீவாளிக்கும் சொன்ன. அது தை மாசம் வந்து சேந்துச்சு. அதுக்கு முந்துன தீவாளிக்கு எங்க போச்சுன்னே தெரியல. அதுக்கு முந்துனதுக்கு நீ மறந்தே போயிட்ட."

"அப்ப அந்தத் தீவாளிக்கெல்லாம்?"

"எல்லாம் நீ எடுத்துக் குடுத்ததுதாம்லே."

செல்வி பக்கத்தில் வந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல அக்கா?"

"சொன்னா நீ வெசனப்படுவ. இங்கன கெடந்து வெசனப்பட்டாலாவது நான் பாத்துக்கிருவேன். அங்கன போய் உக்காந்துகிட்டு வெசனப்பட்டா யாரு பாக்குறது? சரி, அதை விடு. புதன்கெழமை மச்சான் பேசுவாரு. என்ன கலருன்னு கேட்டா முழிக்காத. அரக்குச் சீலை, பச்சைக் கரை. என்ன, சொல்லு பாப்போம்."

"அரக்குச் சீலை, பச்சைக் கரை."

"உள்ள ஒரு துண்டுக் கடுதாசியும் வச்சிருந்தன்னு சொல்லியிருக்கேன்."

"என்ன எழுதியிருந்தேன்?"

"அக்கா, நல்லா இருன்னு."

"அம்புட்டுத்தானா?"

"நீ என்னைக்குலே அதுக்கு மேல எழுதியிருக்க?"

சிரித்தாள். நானும் சிரிக்கப் போனேன். ஒரு நிமிஷம் பாக்கி என்று போன் கார்டுக் குரல் குறுக்கே வந்தது. அந்தக் குரல் முடிந்தபோது அக்கா எதையோ சொல்லி முடித்திருந்தாள். என்னவென்று கேட்பதற்குள் கட்டாகிவிட்டது.

7

புதன்கிழமை நான் வேலைக்குப் போகும் முன்னால் மச்சான் பேசினார். நாகஸ்வரம் காதைப் பிளந்தது. அதற்குப் பின்னால் எங்கோ ஒரு சரவெடி போட்டார்கள். அது முடிந்த பிறகுதான் மச்சான் குரல் கேட்டது.

"மாப்ளே, சீலை பிரமாதம்! ஒங்க அக்காவுக்கு அம்புட்டு எடுப்பா இருக்கு. எங்கனதான் தேடிப் பிடிச்சீகளோ!"

"அரக்குதான் அக்காவுக்கு எடுக்கும்னு தெரியும் மச்சான். கரைதான் கொஞ்சம் யோசிச்சேன். பச்சை நல்லாருக்கா?"

"பச்சைதான் உசிரே. கடுதாசியத்தான் காட்ட மாட்டேங்கிறா. கேட்டா சிரிக்கிறா."

அன்றைக்கு முழுவதும் மெஷினில் ஜாம் லேபிள் ஓடியது. நிறம் கொஞ்சம் ஏறினால் அரக்கு மாதிரி இருந்தது. டேவ் இரண்டு தடவை சொல்லித்தான் குறைத்தேன். எனக்குத் தெரியாமல் நாரணாபுரத்தில் இத்தனை வருஷமாக என் பெயரில் ஒருத்தன் இருந்திருக்கிறான். தீபாவளி தவறாமல் சீலை எடுத்திருக்கிறான், ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை, ஒன்றையும் மறக்கவில்லை. என்னைவிட எவ்வளவோ நல்லவன். அவன் ஊரைவிட்டே போகவில்லை.

அடுத்த வாரம் பாங்கியிலிருந்து ஒரு படிவம் வந்தது. பூட்ஸுக்குப் போன பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்கு. காவ்யா கேள்விகளை ஒவ்வொன்றாகப் படிக்க, நான் எழுதினேன். பாதிக்கு மேல் போனதும் ஒரு கேள்வியைத் தமிழில் சொல்லப் பார்த்து, தடுமாறி, கடைசியில் சொன்னாள்.

"இது தவிர வேற எப்பவாவது, உங்களுக்குத் தெரியாம, உங்க பேர்ல, யாராவது ஏதாவது வாங்கியிருக்காங்களா?"

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"இல்லைதானே, அப்பா?"

"இல்லை" என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பிறகு பக்கத்தைத் திருப்பி, மேலே சொன்னது அத்தனையும் உண்மை என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.